போர்க்கால வரலாறு: பிள்ளைகளுக்கு எந்த நூல், எந்தப் படம்?

கேள்வி – ஏற்காட்டு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் காப்பித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை வாசிப்புக்கும் படம் பார்ப்பதற்கும் என்று தலைமையாசிரியர் ஒதுக்கித் தந்திருக்கிறார். இந்த ஆண்டு அந்த வேளையில் நம் நாடு கண்ட போர்க்காலங்களை, குறிப்பாக இரண்டாம் உலகப் போரையும் விடுதலைக்குப் பிந்தைய எல்லைப் போர்களையும், பத்து முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லலாம் என்று எண்ணியிருக்கிறேன். பாடநூலில் ஆண்டுகளும் உடன்படிக்கைகளும் இருக்கின்றன; மனிதர்கள்தான் இல்லை. பிள்ளைகளுக்கோ போர் என்றால் கைப்பேசி விளையாட்டும் ‘அமரன்’ படத்துச் சண்டைக் காட்சிகளும்தான் நினைவுக்கு வருகின்றன.

சென்ற ஆண்டு நான் ஒரு தவறு செய்தேன். 1988இல் வெளிவந்த ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்’ என்னும் ஜப்பானிய அனிமேஷன் படம் மிகச் சிறந்தது என்று பலரும் சொல்லக் கேட்டு, பொம்மைப் படம்தானே என்ற தைரியத்தில், முன்கூட்டிப் பார்க்காமலேயே ஆறாம் வகுப்புக்குப் போட்டுவிட்டேன். கோபே நகரத்துக் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பசியில் சிறிது சிறிதாக உருக்குலைவதைச் சொல்லும் படம் அது. அந்தத் தங்கையின் கையில் ஒரு தகர மிட்டாய் டப்பா இருக்கும். மிட்டாய் தீர்ந்த பிறகு அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் குடிப்பார்கள். படம் முடிந்த பின் வகுப்பில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் முழுவதும் ஒரு சிறுமி தன் ஜாமெட்ரி பாக்ஸில் இரண்டு கூழாங்கற்களைப் போட்டு மெல்லக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்டால் அழுதாள். அவளுடைய தந்தை வந்து, “படிக்கத்தானே டீச்சர் அனுப்புறோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அதற்கு மேல் அவர் கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதே வகுப்பில் ஒரு சிறுவன் வேறொன்று கேட்டான். “இது ஜப்பான்ல நடந்தது. நம்ம ஊர்ல குண்டு விழுந்துச்சா டீச்சர்?” விழவில்லை என்றேன். “அப்ப அது நம்ம சண்டை இல்லையா?” என்றான். அதற்குத் தக்க விடை என்னிடம் இல்லை.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். இந்த வயதுக்கு எந்த நூல்களைப் படித்துக் காட்டலாம், எந்தப் படங்களை எந்த அளவுக்குக் காட்டலாம், வீரத்தைச் சொல்வதா துயரத்தைச் சொல்வதா, எதை முதலில் சொல்வது? மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. எனவே பாதியில் நின்றாலும் பழுதில்லாத வழியாக இருந்தால் நல்லது.


மறுமொழி 1 – ஓய்வு பெற்ற நூலகர், செவ்வாய்ப்பேட்டை

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். அந்தச் சிறுவன் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். குண்டு விழாத ஊருக்கும் போர் வந்தது. அது சந்தை வழியாகவும் சட்டைப்பை வழியாகவும் வந்தது. என்னிடம் ஓட்டைக் காலணாக்கள் சில இருக்கின்றன. 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்ட, நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட காசுகள் அவை. உலோகமெல்லாம் போர்த் தேவைக்குப் போய்க்கொண்டிருந்ததால், காசில் கூட நடுப்பகுதியை மிச்சம்பிடித்தார்கள். வெள்ளி ரூபாய்க்குப் பதிலாக ஒரு ரூபாய்த் தாள் 1940இல் மீண்டும் புழக்கத்துக்கு வந்ததும் அதே நெருக்கடியால்தான். என் பாட்டி இந்தக் காசுகளை ஒரு கயிற்றில் கோத்து, அரிசிப் பானைக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தார். பத்து வயதுப் பிள்ளையின் உள்ளங்கையில் இதை வைத்து, ஏன் ஓட்டை என்று கேட்டுப் பாருங்கள். எந்தப் படமும் தராத தொடக்கம் உங்களுக்குக் கிடைக்கும். பர்மா 1942இல் ஜப்பானியர் கைக்குப் போனதும் ரங்கூன் அரிசி நின்றுபோனதையும், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் பங்கீடு வந்ததையும் அதற்கடுத்து அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டாவது, மொழியிலேயே தங்கிவிட்ட போர். சேலத்தில் இன்றும் தந்திரக்காரனை “அவன் ஒரு எம்டன்” என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டுகளைப் பொழிந்துவிட்டு, திருப்பித் தாக்குவதற்குள் இருட்டில் மறைந்தது. அதன் பிறகு பல நாள் சென்னையை விட்டு மக்கள் வெளியூர்களுக்குக் கிளம்பிக்கொண்டே இருந்தார்கள். நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே சிட்னி என்னும் ஆஸ்திரேலியக் கப்பலிடம் எம்டன் வீழ்ந்தது. சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. இங்கே ஓர் எச்சரிக்கை. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று பல சிறுவர் நூல்கள் அடித்துச் சொல்கின்றன. அவர் பெரிய விடுதலை வீரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் எம்டனில் இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை. போர் மூண்ட அந்த மாதங்களில் அவர் ஐரோப்பாவில், சூரிச்சிலும் பெர்லினிலும் இந்திய விடுதலைக்கான குழுக்களில் இயங்கிக்கொண்டிருந்தார். ஒரு நூலை வாங்கும் முன் இந்த ஒரு பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்ப்பது என் பழக்கம். இதை ஆராயாமல் எழுதியவர் மற்றதையும் ஆராய்ந்திருக்க மாட்டார் என்பது என் கணக்கு. அது எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

நூல்களுக்கு வருகிறேன். உங்கள் ஆறாம் வகுப்புக்கு ‘டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி’ போதும். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டிருக்கிறது. விலையும் கையைக் கடிக்காது. ரயில் பெட்டிகளில் நடக்கும் பள்ளியைப் பற்றிய மகிழ்ச்சியான நூல் என்றுதான் நம் ஆசிரியர்கள் அதைப் போற்றுகிறார்கள். ஆனால் கவனித்துப் படித்தால், அது டோக்கியோவுக்குப் போர் எப்படி ஓசையில்லாமல் வந்தது என்பதைச் சொல்லும் நூலும் ஆகும். ரயில் நிலையத்து இயந்திரத்தில் காசு போட்டால் வரும் மிட்டாய் ஒரு கட்டத்தில் வராமல் போகிறது. வயலின் வாசிக்கும் தந்தை, ராணுவப் பாட்டு வாசித்தால் சர்க்கரையும் அரிசியும் கிடைக்கும் என்று தெரிந்தும் வாசிக்க மறுக்கிறார். இறுதியில் 1945இல் விமானத் தாக்குதலில் பள்ளி எரிகிறது. எரியும் பள்ளியைப் பார்த்தபடி, அடுத்து எப்படிப்பட்ட பள்ளியைக் கட்டலாம் என்று தலைமையாசிரியர் கேட்கும் இடத்தில் பிள்ளைகள் அழுவதில்லை. மறு கேள்வி கேட்கிறார்கள். சிறுசிறு அத்தியாயங்கள் என்பதால் மின்சாரம் போனாலும் வாசிப்பு நிற்காது.

ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழி நடைப்பயண நூலிலிருந்து பகுதிகளைப் படித்துக் காட்டுங்கள். ரங்கூனில் ‘ஜோதி’ என்னும் இதழை நடத்தி வந்தவர், 1942இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனைவியோடு காடும் மலையும் கடந்து இந்தியாவுக்கு வந்த கதையைத் தாமே எழுதியிருக்கிறார். அந்த ஆண்டு அப்படி வெளியேறியவர்கள் பல லட்சம் பேர். வழியில் காலராவிலும் பசியிலும் இறந்தவர்களுக்குத் திட்டமான கணக்கே இல்லை. முழு நூலையும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்; நீங்கள் படித்து, இரண்டு மூன்று பகுதிகளைத் தேர்ந்து, வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உரக்கப் படியுங்கள். ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை எட்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அதை எழுதத் தொடங்கியபோது அவளுக்கும் பதின்மூன்று வயதுதான் என்பதைச் சொன்னாலே போதும், மற்றதை அவர்களே படித்துக்கொள்வார்கள்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யும், மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலும் உங்களுக்கு, பிள்ளைகளுக்கு அல்ல. ஆசிரியர் அவற்றைப் படித்திருந்தால் வகுப்பில் பேசும் தொனியே மாறிவிடும்.

ஒன்று விட்டுப்போயிற்று. “அது நம் சண்டையா” என்ற கேள்விக்குப் பெரியவர்களே ஒரே விடை சொல்லவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். காந்தியடிகள் 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ என்றார். நம் சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, 1917இல் இந்நகரசபைக்குத் தலைவரான ராஜாஜி, ஜப்பான் வாசலில் நிற்கும்போது அந்தப் போராட்டம் கூடாது என்று சொல்லி, அதற்கு முந்தைய மாதமே காங்கிரசை விட்டு விலகினார். பொதுவுடைமைக் கட்சியினர் அதை மக்கள் யுத்தம் என்றனர். நேதாஜி ஜப்பானியரின் துணையோடு படை திரட்டினார். இத்தனைக்கும் நடுவே பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்திருந்த இந்தியர் ஏறத்தாழ 25 லட்சம் பேர். இவர்களுள் யார் சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.


மறுமொழி 2 – திரைப்படச் சங்கத்துக்காரர், அம்மாப்பேட்டை

நூலகர் ஐயா காசைக் காட்டச் சொன்னார். நான் ஒரு வாசலைக் காட்டச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகள் சேலத்துக்கு இறங்கி வரும்போதெல்லாம் பேருந்து சன்னலிலிருந்து பார்க்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுதான் அது. டி.ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். போர்ப் பிரசாரப் படம் ஒன்றும் அங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1945இல் வெளிவந்த ‘பர்மா ராணி’, ஜப்பானியர் பிடித்து வைத்திருந்த பர்மாவில் மாட்டிக்கொண்ட இந்திய விமானப்படையினரைச் சுற்றிய கதை. சுந்தரமே இயக்கினார். அந்நாளில் கச்சா ஃபிலிம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பலோ போருக்குப் போய்விட்டது. அதனால் அரசு ஃபிலிமைப் பங்கீடு செய்து, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று வரையறுத்தது. அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். மூன்று மணி நேரமும் அதற்கு மேலும் பாடித் தீர்த்துக்கொண்டிருந்த தமிழ்ப் படம் அப்போதுதான் மூச்சை அடக்கக் கற்றுக்கொண்டது. கூடவே, படமெடுப்பவர்கள் போர் முயற்சிக்கு ஆதரவான படமும் எடுத்துத் தர வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது. அதே 1945இல் கே. சுப்பிரமணியம் எடுத்த ‘மானசம்ரட்சணம்’ என்னும் படமும் இந்த வரிசையில் வந்ததுதான்.

இதை நான் வரலாற்றுத் துணுக்காகச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் போர்ப் படம் எதைக் காட்டினாலும், இதை எடுத்தவர் யார், யார் கேட்டு எடுத்தார், எப்போது எடுத்தார் என்ற கேள்விகளை அவர்கள் கேட்கப் பழக வேண்டும். ஹாலிவுட்டையோ மும்பையையோ காட்டி இதைக் கற்பித்தால் அது எங்கோ நடக்கும் சூழ்ச்சியாகத் தோன்றும். தாங்கள் சேலத்துக்கு வரும்போதெல்லாம் கடக்கும் வாசலுக்குள், தங்கள் ஊர்க்காரர்களே, அரசு கேட்டதற்காக ஒரு போர்ப் படம் எடுத்தார்கள் என்று தெரிந்தால், அதில் ஏளனமும் இருக்காது, மயக்கமும் இருக்காது. அந்தப் படத்தைக் காட்ட வேண்டியதில்லை. கதையைச் சொல்லுங்கள், கீழே இறங்கும்போது வளைவருகே ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

காட்டுவதற்கு ஒரு படம் சொல்ல வேண்டுமானால், 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் பாலம் கட்டும் காட்சிகளை மட்டும், பதினைந்து நிமிட அளவுக்கு, எட்டாம் வகுப்புக்குக் காட்டுவேன். பார்த்து முடித்ததும், இந்தத் திரையில் யாரைக் காணோம் என்று கேட்பேன். 1942 முதல் 1943 அக்டோபர் வரை சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப் பாதையை ஜப்பானிய ராணுவம் போட வைத்தது. அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000 பேர் அளவில். இறந்தவர்கள் 12,000க்கும் மேல். ஆனால் கைதிகளைக் காட்டிலும் பல மடங்கு அதிகமாக அங்கே கொண்டுபோகப்பட்டவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். அவர்களில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன தமிழர்கள் ஏராளம். மலாயாவுக்குக் கூலிகளாக ஆள் பிடித்த மாவட்டங்களில் நம் சேலமும் ஒன்று. அந்தத் தமிழர்களுக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை; இத்தனைக்கும் அது படமாக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலவில், களனி ஆற்றங்கரையில். படத்தில் பாலத்தைக் கமாண்டோக்கள் தகர்க்கிறார்கள். உண்மையில் 1945இல் விமானக் குண்டுவீச்சில்தான் அது சேதமுற்றது. இன்னொரு வேடிக்கை, அந்தப் பாலம் நின்ற ஆற்றின் பெயரே வேறு. படத்தைப் பார்த்துவிட்டுப் பயணிகள் வந்து குவியத் தொடங்கியதும், தாய்லாந்து அரசு 1960களில் ஆற்றின் பெயரைப் படத்துக்கேற்ப மாற்றிவிட்டது. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான பாடம் எனக்குத் தோன்றவில்லை.

படங்களின் தணிக்கைச் சான்றிதழைப் பற்றி ஒரு சொல். 2024இல் வந்த விதிகளின்படி யு/ஏ என்பது இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அது உதவிதான், ஆனால் அது ரத்தத்தையும் வசைச் சொல்லையும் எண்ணிப் பார்க்குமே தவிர, ஒரு மிட்டாய் டப்பா பிள்ளையின் மனத்தில் என்ன செய்யும் என்று எண்ணாது. முன்கூட்டிப் பார்ப்பதற்கு மாற்று இல்லை. நான் முதல் முறை தனியாகவும், இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டும் பார்ப்பேன். ஒலி இல்லாமல் பார்க்கும்போது எந்தக் காட்சி இசையின் தயவில் நிற்கிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். வகுப்பறையில் விளக்கை முழுவதும் அணைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடிய வேண்டும்.


மறுமொழி 3 – முன்னாள் படைவீரர், ஆத்தூர் வட்டம்

மேலே எழுதிய இருவரும் படித்தவர்கள். அவர்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் ராணுவத்தான் என்றாலே பிரசாரம் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 24 ஆண்டுகள் பணியாற்றினேன். 1999இல் கார்கிலில் போர் நடந்தபோது நான் அங்கே இல்லை, ராஜஸ்தான் எல்லையில் இருந்தேன். பலரும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்வதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்டாலிக் பகுதியில் அந்த மே மாதம் உயிர்நீத்த மேஜர் மாரியப்பன் சரவணன் திருச்சிக்காரர். இலங்கையில் 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் போரிட்டு மாண்டு பரம வீர சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் தமிழர்தான். இந்தப் பெயர்களைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

வீரத்தைச் சொல்லுங்கள், ஆனால் அதன் பெரும்பகுதி காத்திருப்பதுதான் என்பதையும் சொல்லுங்கள். படங்களில் அது வராது, எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். எங்களுக்கு வரும் கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது. எண்ணும் பெயரும் படைப்பிரிவும் எழுதி, அதற்குக் கீழே ‘56 ஏ.பி.ஓ.’ (ராணுவ அஞ்சலகம்) என்றுதான் முகவரி. நான் எந்த மாநிலத்தில் இருக்கிறேன் என்றுகூட என் தாயாருக்குத் தெரியாது. நான் அனுப்பிய இன்லாண்டு லெட்டர்களை அவர் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் “நான் நலம், மழை உண்டா, கடலைக்கொடி பிடுங்கியாயிற்றா” என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை, எழுதவும் கூடாது. ஏற்காட்டிலோ அடிவாரத்திலோ முன்னாள் படைவீரர் எவர் வீட்டிலாவது இப்படிப்பட்ட கடிதங்கள் இருக்கும். அவர்களை அழைத்து வந்து படிக்கச் சொல்லுங்கள். சண்டைக் கதை கேட்காதீர்கள். சாப்பாடு, குளிர், கடிதம் ஆகியவற்றைக் கேளுங்கள். சண்டைக் கதை கேட்டால் பாதிப் பேர் மிகைப்படுத்துவார்கள், மீதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.


மறுமொழி 4 – முகாமில் வளர்ந்தவள், சேலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சேலம் மாவட்டத்தில் உள்ள முகாம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள் நான். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று 2021இல் பெயர் மாற்றினார்கள். நான் பள்ளியில் படித்த காலத்தில் அகதி முகாம்தான். என் அம்மம்மா மன்னாரிலிருந்து படகில் வந்தவர்.

எட்டாம் வகுப்பில் எங்கள் ஆசிரியர் ஒருவர், மிக நல்ல மனத்தோடு, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தைப் போட்டுக் காட்டினார். படம் முகாமுக்கு வந்ததும் வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. படம் முடிந்ததும் அவர், “நீ சொல்லம்மா, உங்க வீட்டுல என்ன சொல்லுவாங்க?” என்றார். எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் சொன்னதில்லை. இரவில் பட்டாசு வெடித்தால் அம்மம்மா எழுந்து உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் எதிர்பார்த்ததால் ஏதோ ஒரு குண்டுவீச்சுக் கதையை நானாகவே கட்டிச் சொன்னேன். அந்தப் பொய் இன்றும் என் நெஞ்சில் கிடக்கிறது.

ஆகவே, டீச்சர், உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள். என்ன படிக்கப் போகிறோம் என்பதை ஒரு வாரம் முன்பே அந்தப் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் தனியாகச் சொல்லிவிடுங்கள். அன்று நூலகத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றால் காரணம் கேட்காமல் விடுங்கள். இலங்கைப் போரைப் பற்றிய படங்களை இந்த வயதில் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. மறைப்பதற்காக அல்ல, அதைப் பார்க்கும் முப்பது பேருக்கு அது கதையாகவும் ஒருவருக்கு வீடாகவும் இருக்கும் என்பதற்காக.

படைவீரர் ஐயாவுக்கு: மேஜர் பரமேஸ்வரனின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1987 முதல் 1990 வரை அங்கே அனுப்பப்பட்டு மாண்ட இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களுக்கும் தாய்மார் உண்டு. அதே ஆண்டுகளில் அந்த மண்ணில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் என் வீட்டார். இந்த இரண்டையும் ஒரே பாடவேளையில் சொல்ல முடியுமானால் சொல்லட்டும். ஒன்றை மட்டும் சொல்வதானால், பிள்ளைகள் இன்னும் சற்று வளரும் வரை காத்திருக்கலாம்.


மறுமொழி 5 – முன்னாள் படைவீரர், ஆத்தூர் வட்டம்

சகோதரி, நீங்கள் சொன்னது சரி. நான் அந்தப் பெயரை எழுதியபோது இதை நினைக்கவில்லை.


மறுமொழி 6 – ஏற்காட்டு ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. முகாமில் வளர்ந்த சகோதரி எழுதியதைத் தலைமையாசிரியரிடம் படித்துக் காட்டினேன். எங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளை இப்போது இல்லை. ஆனால் தந்தை வெளி மாநிலத்தில் காவல் படையில் இருக்கும் பிள்ளைகள் இருவர் உண்டு. அவர்கள் வீட்டுக்கு முன்பே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

முதல் ஆறு வாரங்களுக்குப் படம் எதுவும் இல்லை. ‘டோட்டோ-சான்’ மூன்று பிரதிகள் வாங்கச் சொல்லியிருக்கிறேன். சென்ற வெள்ளிக்கிழமை, சோதித்துப் பார்ப்பதற்காக, எம்டன் கதையை மட்டும் சொன்னேன். பாதியிலேயே மின்சாரம் போய்விட்டது, மூடுபனி வேறு, வகுப்பறை ஏறக்குறைய இருட்டு. கப்பல் விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தது என்று நான் சொன்ன இடத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. குண்டு விழுந்ததா என்று கேட்ட அந்தச் சிறுவன் இப்போது ஏழாம் வகுப்பு. கதை முடிந்ததும் அவன், “சென்னையிலிருந்து ஓடினவங்க நம்ம ஊருக்கும் வந்தாங்களா?” என்றான். எனக்குத் தெரியாது, கண்டுபிடிக்கலாம் என்றேன். தன் வீட்டுப் பாட்டியைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறான். பாட்டிக்கு வயது எழுபதுகூட இருக்காது என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

ஜாமெட்ரி பாக்ஸ் சிறுமியும் இந்த ஆண்டு அதே வகுப்பில் இருக்கிறாள். நூலகர் ஐயாவின் காசை முதலில் அவள் கையில் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அதைக் குலுக்கினால் சத்தம் வராது. ஐயா, அந்தக் காலணாவை ஒரு மாதத்துக்கு இரவல் தர இயலுமா? வரும் சனிக்கிழமை சேலத்துக்கு வருகிறேன். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவையும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.


மறுமொழி 7 – ஓய்வு பெற்ற நூலகர், செவ்வாய்ப்பேட்டை

தாராளமாக வாருங்கள் அம்மா. பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். ஒன்றல்ல, நான்கு காசுகள் தருகிறேன். இரண்டு 1943, இரண்டு 1945. ஒரே வேண்டுகோள்: பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் புளி போட்டுத் தேய்க்க விடாதீர்கள். போன முறை ஒரு பள்ளிக்குக் கொடுத்து, புதுக் காசு போல் பளபளவென்று திரும்பி வந்தது. ஆண்டு எண் பாதி காணாமல் போயிருந்தது.